மண்வெட்டி நிற்க வேண்டிய இடம்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஃபுரூம் என்றொரு ஊர். 2010 ஏப்ரலில் அந்த ஊருக்குப் பக்கத்து வயல் ஒன்றில், மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்துவந்த ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்தார். கருவி விட்டுவிட்டு ஒலித்தது. ஒன்றரைச் சாண் ஆழம் தோண்டியதும் களிமண்ணில் ஒட்டிய சிறு காசுகளும் பானையின் ஒரு துண்டும் வெளிப்பட்டன. காசுகள் உதிரியாகச் சிதறிக் கிடக்கவில்லை, ஒரு கலத்துக்குள் இருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தோண்டுவதை நிறுத்தினார். எடுத்த மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளி மூடினார். தொல்லியல் அலுவலருக்குத் தகவல் சொன்னார். பிறகு வந்த அகழாய்வாளர்கள் மூன்று நாள் அந்தக் குழியருகே உட்கார்ந்து பானையை அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்தார்கள். உள்ளே இருந்தவை 52,503 ரோமானியக் காசுகள். எடை சுமார் 160 கிலோ. பிரிட்டனில் ஒரே கலத்துக்குள் கிடைத்த காசுப் புதையல்களில் அதைவிடப் பெரியது இல்லை.

எண்ணிக்கை வியப்பூட்டும்தான். ஆனால், அந்தப் புதையல் சொன்ன செய்தி எண்ணிக்கையில் இல்லை. எந்தக் காசு எந்த அடுக்கில் இருந்தது என்று குறித்துக்கொண்டே எடுத்ததால் ஓர் உண்மை தெரியவந்தது. புதையலிலேயே காலத்தால் பிந்தியவை, ரோமை மீறி பிரிட்டனைத் தனியே ஆண்ட கரோசியஸ் என்பவரின் காசுகள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்த உண்டியல் என்றால் அவை பானையின் மேல்பகுதியில் இருந்திருக்க வேண்டும். அவற்றில் மிகப் பலவும் பாதிக்குக் கீழேயே கிடந்தன. அவற்றைவிடப் பழைய காசுகள் அவற்றுக்கு மேலே கொட்டப்பட்டிருந்தன. ஆகவே, எல்லாம் ஒரே சமயத்தில் நிரப்பப்பட்டவை. பானையின் சுவரோ மெல்லியது. 160 கிலோவைத் தாங்கித் தூக்கிவர அதனால் முடியாது. வெறும் பானையை முதலில் குழியில் இறக்கி, சுற்றிலும் வைக்கோல் போன்ற எதையோ அணைகொடுத்து, சிறு கலங்களில் கொண்டுவந்த காசுகளை அதில் கொட்டியிருக்கிறார்கள். பலர் கூடித் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாக இது இருக்கலாம் என்று அதை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஆதாரம் இருக்கிறது என்பதே இங்கே முக்கியம். அந்த ஆதாரம் பானைக்குள் காசுகள் கிடந்த வரிசையில் இருந்தது.

அதே மனிதர் அன்று மாலைக்குள் காசுகளைச் சாக்கில் அள்ளிக் கொண்டுபோய் ஒப்படைத்திருந்தாலும் காசுகள் அதே காசுகள்தான். கணக்கிடப்பட்ட விலையான 3,20,250 பவுண்டும் பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் பானை எப்படி நிரம்பியது, யார் எதற்காகப் புதைத்தார்கள் என்ற கேள்வியை எழுப்பக்கூட இடமிருந்திருக்காது. புதையலில் இரண்டு செல்வங்கள் இருக்கின்றன. ஒன்று உலோகம், எப்போது எடுத்தாலும் கெடாது. மற்றொன்று அது மண்ணில் கிடக்கும் நிலை. ஒரே ஒரு முறைதான் அதைப் படிக்க முடியும், அவசரக்காரர் கைபட்டால் படிக்காமலே போய்விடும். ஆகவே, புதையல் பற்றிய எந்தச் சட்டமும் முதலில் பரிசளிக்க வேண்டியது எடுத்துக் கொடுத்த கைக்கு இல்லை, எடுக்காமல் நிறுத்திய கைக்கு. நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம் இதற்கு நேர்மாறாக எழுதப்பட்டிருக்கிறது. 1878-இல் பிறந்த அந்தச் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நீண்ட கைப்பிடியின் அடியில் வட்டத் தட்டு போல இருப்பது கம்பிச் சுருள். அதில் மாறிமாறிப் பாயும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்சுழல்கள் எழும். அவை பதிலுக்கு ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். அதைச் சுருள் உணர்ந்து காதில் ஒலியாக்குகிறது. தனிக் காசு என்றால் ஒரு சாண் ஆழம்வரை தெரியும். பெரிய பானை என்றால் இன்னும் ஆழத்திலும் தெரியும். கீழே உலோகம் இருக்கிறது என்பதோடு கருவியின் வேலை முடிந்தது. அது ஏர் ஓட்டியதில் இடம்பெயர்ந்த காசா, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வைத்த இடத்திலேயே இருக்கும் குடமா என்பதைக் கருவி சொல்லாது. உழவர்கள் அறிவார்கள்: கொழுமுனை போகும் ஆழம்வரை உள்ள மேல்மண் பொலபொலவென்று இருக்கும், அதற்குக் கீழே இறுகிய, நிறம் மாறிய மண் தொடங்கும். மேல்மண்ணில் கிடக்கும் காசு தன் இடத்தை என்றோ இழந்துவிட்டது. அதை எடுப்பதால் வரலாற்றுக்கு நேரும் நட்டம் சிறியது. உழவிலும் உரத்திலும் அது அரிபட்டுப் போகாமல் காப்பாற்றியதாகக்கூடச் சொல்லலாம். இறுகிய மண்ணைத் தொட்ட பிறகும் மண்வெட்டி நிற்காவிட்டால்தான் அழிவு தொடங்குகிறது. இந்த ஒரு கோட்டைச் சட்டம் கண்டுகொள்ள வேண்டும்.

நிறுத்தியதற்கும் நிறுத்தாததற்கும் என்ன வேறுபாடு என்று 2015-ஆம் ஆண்டு இங்கிலாந்து அருகருகே வைத்துக் காட்டியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஹெரஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் என்ற ஊருக்கு அருகே இருவர் ஒரு வைக்கிங் காலப் புதையலைக் கண்டார்கள். நில உடைமையாளரிடம் சொல்லவில்லை, அரசிடமும் சொல்லவில்லை. தங்க அணிகலன்களையும் காசுகளையும் எடுத்து வணிகர்களிடம் பிரித்து விற்றார்கள். அவர்களின் கைப்பேசியில் அழிக்கப்பட்டிருந்த படங்களைக் காவல்துறை மீட்டது. அதை வைத்துப் பார்த்தால் சுமார் 300 காசுகள் இருந்திருக்க வேண்டும், கிடைத்தவை 31. வூஸ்டர் நீதிமன்றம் 2019-இல் ஒருவருக்கு 10 ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது. அதே 2015 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வாட்லிங்டன் அருகே வேறொருவர், ஏறத்தாழ அதே காலத்து வைக்கிங் புதையலைக் கண்டார். அவர் முறைப்படி தகவல் கொடுத்தார். புதையல் சுற்றியிருந்த மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்க்கப்பட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் பொறுமையாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 காசுகள். கூடவே வெள்ளிக் கட்டிகள், அணிகள்.

இரண்டு புதையல்களிலும் ஓர் அரிய காசு இருந்தது. ஒரு பக்கத்தில் இரு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் உருவம். அந்த ஒரே வடிவில் வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரடும், மெர்சியாவின் அரசர் இரண்டாம் சியோல்வுல்ஃபும் தத்தம் பெயரில் காசு வெளியிட்டிருக்கிறார்கள். சியோல்வுல்ஃப் வைக்கிங்குகளின் கைப்பாவை என்றே ஆல்ஃபிரட் தரப்பு எழுதிய ஆண்டுக்குறிப்புகள் சொல்லிவந்தன. இந்தக் காசுகளோ இருவரும் சமநிலையில் கைகோத்திருந்த காலம் ஒன்று உண்டு என்று சொல்கின்றன. வென்றவர் எழுதிய வரலாற்றில் துடைக்கப்பட்ட ஓர் அரசர் மண்ணிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். ஹெரஃபோர்ட்ஷயரில் சந்தைக்குப் போய்த் தொலைந்த சுமார் 270 காசுகளுக்குள் இன்னும் என்னென்ன இருந்தனவோ, அது எந்தத் தீர்ப்பாலும் மீளாது. வாட்லிங்டன் புதையலை ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 2017-இல் 13,50,000 பவுண்டுக்கு வாங்கியது. நேர்மையாக நடந்தவருக்கு நேர்வழியிலேயே பணமும் கிடைத்தது.

இந்த ஏற்பாடு அங்கே தானாக வந்துவிடவில்லை. 1980-களின் முற்பகுதியில் சர்ரே பகுதியின் வான்பரோவில் இருந்த ரோமானியர் காலக் கோயில் இடத்தைக் கருவிகளோடு வந்தவர்கள் இரவிரவாகச் சூறையாடினார்கள். முதலில் கண்டவர்கள் நேர்மையாகத்தான் சொன்னார்கள். விசாரணையின்போது இடத்தின் பெயர் வெளியே தெரிந்தது. அதுவே கொள்ளையருக்கு முகவரியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான காசுகள் போயின. புதைத்தவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தார் என்று நிரூபித்தால்தான் புதையல் என்று சொன்ன பழைய சட்டத்தால், கோயில் காணிக்கைக்குப் பாதுகாப்புத் தர முடியவில்லை. சர்ரே தொல்லியல் கழகத்தினர் அதன்பின் பல ஆண்டுகள் போராடினார்கள். 1996-இல் புதையல் சட்டம் பிறந்தது. கண்டவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் விரும்பினால் சந்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். அதைப் பொதுவாகக் கண்டவரும் நில உடைமையாளரும் பாதிப்பாதியாகப் பெறுவார்கள். கண்டவர் அவசரப்பட்டுத் தோண்டிச் சேதம் செய்திருந்தால் பரிசைக் குறைக்க இடமுண்டு. டென்மார்க்கின் வழக்கம் இன்னும் நுட்பமானது. அங்கே கண்டவர் பொருளை எவ்வளவு கவனமாகக் கையாண்டார் என்பதும் பரிசுத் தொகையைக் கணக்கிடும்போது சேர்த்துப் பார்க்கப்படுகிறது. 1241-ஆம் ஆண்டின் யூட்லாண்ட் சட்டத்திலேயே வேர் கொண்ட ஏற்பாடு, காலத்துக்கு ஏற்ப அறிவைப் பெற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கே நம் கதைக்கு வருவோம். இது நமக்குத் தொலைவான விவகாரமே இல்லை. 1992-இல் சஃபோக் பகுதியின் ஹாக்ஸன் என்ற ஊரில், வயலில் தொலைந்த ஒரு சுத்தியலைத் தேடப்போன ஒருவர் கண்ட புதையலில் 14,865 காசுகளோடு நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவத்தில் செய்யப்பட்டது. அந்தச் சிமிழ்களில் நிரப்பிய மிளகு சேரநாட்டு மலைச்சரிவுகளில் விளைந்த பண்டம். மிளகு போன பாதையில்தான் ரோமானியத் தங்கமும் வெள்ளியும் நம்மிடம் வந்தன. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-இல் 522 வெள்ளி டெனாரியக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைப் பகுதியின் கறுக்காகுறிச்சியில் 1898-இல் ஒரு பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஆழமான ஒரு வெட்டுக்கோடு இருக்கிறது. தற்செயலாக விழுந்த கீறல் என்று சொல்ல வழியில்லை. உளியோ அரமோ கொண்டு ஒருவர் வேலை மெனக்கெட்டு, காசுக்குக் காசு முகம் பார்த்து வெட்டியிருக்கிறார்.

யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள்? இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாகவே எடைபோட வேண்டும் என்பதற்கான அடையாளம் என்று ஒரு கருத்து. உள்ளே செம்பு வைத்து மேலே பொன்முலாம் பூசியிருக்கிறதா என்று பார்த்த சோதனை என்று இன்னொரு கருத்து. வேற்று அரசரின் முகத்தை இந்த மண்ணில் செல்லாதாக்கிய செயல் என்று மூன்றாவது. நூறாண்டுக்கும் மேலாக இந்த விவாதம் முடியவில்லை. முடிக்க உதவக்கூடிய சான்றுகள் பல அந்த இடத்திலேயே இருந்திருக்கலாம். பானை எந்த வகை? பக்கத்தில் தட்டார் உலைக்களத்தின் சாம்பலோ மூசையோ இருந்ததா? வீட்டுத் தரைக்கு அடியிலா, பெருவழி ஓரத்திலா, ஈமக்குழியிலா? வெட்டுப்பட்டவையும் படாதவையும் பானைக்குள் கலந்து கிடந்தனவா, தனித்தனியாகவா? இந்தக் கேள்விகளைக் கேட்க அன்று அங்கே யாரும் இல்லை. காசுகளில் பெரும் பகுதி லண்டன் போய்ச் சேர்ந்தது. எந்தெந்தப் பேரரசர், எத்தனை காசு என்று பட்டியல் வந்தது. காசுகளில் காணப்படும் கடைசிப் பேரரசர் வெஸ்பாசியன் என்பதால் முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ புதைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிகிறது. அதற்கு மேல் காசுகள் பேசவில்லை.

அந்தக் காலத்து அறியாமை என்று இதை விட்டுவிடலாம், சட்டம் அந்தக் காலத்திலேயே நின்றுகொண்டிருக்காவிட்டால். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். மண்ணில் மறைந்துள்ள, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதைக் கண்டாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்: என்ன பொருள், என்ன மதிப்பு, எந்த இடம், என்றைக்கு. அதோடு பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் கட்ட வேண்டும். அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாக உறுதிப் பிணை தர வேண்டும். கவனியுங்கள், குடத்தை இருந்த இடத்திலேயே விடு என்று சட்டம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு வா என்பதே அதன் முதல் கட்டளை. அடுத்தது விலை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவிக்கப்பட்ட பிறகு அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும். கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் உடன்பாடு இல்லாதபோது முக்காலும் காலுமாகப் பங்கு. சொல்லாமல் மறைத்தால் கண்டவர் பங்கை இழப்பார், ஓராண்டுவரை சிறை செல்லவும் நேரிடும்.

உலோக மதிப்பும் ஐந்தில் ஒரு பங்கும் என்ற இந்தக் கணக்கு என்ன விளைவைத் தரும்? சங்க காலச் செப்புக்காசு ஒன்றின் உலோக மதிப்பு சில ரூபாய்தான். ஈயக்காசு என்றால் அதற்கும் கீழே. வரலாற்றுக்குப் பொன்னைவிட அரிய அந்தக் காசுக்குச் சட்டம் வைக்கும் விலை, பழைய இரும்புக் கடைக்காரர் வைக்கும் விலையை ஒட்டியே வருகிறது. தங்கம் என்றாலும், ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாக நடந்து, அறிவிக்கை வந்து, காலக்கெடு கழிந்து, உலோக விலைக்கு மேல் ஐந்திலொரு பங்கு பெறுவதா, அன்றைக்கே உருக்கிவிட்டு முழு விலையைக் கையில் வாங்குவதா? அஸ்திவாரம் தோண்டும் கூலித் தொழிலாளியின் முன்னால் சட்டம் வைக்கும் தேர்வு இதுதான். அவர் பக்கம் பேராசை என்று குற்றம் சாட்டுவது எளிது. எடையை மட்டுமே மதிக்கும் சட்டம், எடையாகவே மாற்றிவிடு என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

எடுக்காமல் நிறுத்தச் சொல்லும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று நம் நாணயவியலிலிருந்தே எழும். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களின் சல்லடையில் விழுந்த காசுகளிலிருந்துதானே மாக்கோதை, கொல்லிப்புறை போன்ற சேரர் பெயர்கள் நமக்குத் தெரியவந்தன? பெருவழுதி என்று பொறித்த பாண்டியர் காசை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்டது அகழாய்வுக் குழியிலிருந்து இல்லையே? காசே பேசும்போது மண்ணடுக்கு எதற்கு? இந்தக் கேள்வியை மதித்தே பதில் சொல்ல வேண்டும். அந்தச் சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் சங்ககால மன்னர்கள் காசு வெளியிட்டார்கள் என்பதை நிறுவ இன்னும் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். தமிழ் வரலாறு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால், ஆற்றுமணலில் கிடந்த காசை வெள்ளம் ஏற்கெனவே இடம்பெயர்த்துவிட்டது. சல்லடைக்காரர் அங்கே எந்த அடுக்கையும் கலைக்கவில்லை. அடுக்கு இல்லாததன் விலையையும் நாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்: மாக்கோதை காசின் காலம் எது என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எழுத்தின் வடிவத்தையும் முகத்தின் பாணியையும் வைத்தே வாதாட வேண்டியிருக்கிறது. அதே காசு ஒன்று கலையாத மண்ணடுக்கில், கரித்துண்டோடும் பானையோட்டோடும் சேர்ந்து கிடைத்தால் எத்தனையோ பக்க வாதத்துக்கு வேலையிருக்காது.

இரண்டாவது மறுப்பு, கருவியையே தடைசெய்துவிட்டால் என்ன என்பது. அயர்லாந்து அப்படித்தான் செய்தது. டிப்பரெரியில் 1980-இல் டெரினஃப்ளான் என்ற இடத்தில் ஒரு தந்தையும் மகனும் கருவியோடு போய்ப் பழைய திருப்பலிக் கிண்ணத்தையும் பிற பொருள்களையும் எடுத்தார்கள். அதைப் பற்றிய நீண்ட வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, தொல்பொருள் தேட இந்தக் கருவியை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று 1987-இல் சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டில் தேடுதலைப் பொறுத்தவரை இந்த வழியே பொருத்தமானது என்பது என் கருத்து. பொழுதுபோக்காக வயல் வயலாகக் கருவி வீசி நடக்கும் ஆங்கிலேயப் பழக்கத்தை இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. தோண்டத் தோண்ட ஊரிருக்கை வரும் நிலம் இது. 2025 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் அசீர்கர் கோட்டை அருகே நடந்ததைப் பார்த்தோம். சாலைப் பணிக்காக வெட்டிய மண்ணில் முகலாயர் காலப் பொற்காசு இருக்கிறது என்று வதந்தி பரவியது. ஒரு திரைப்படம் அதற்கு எண்ணெய் வார்த்தது. இரவில் டார்ச்சும் மெட்டல் டிடெக்டரும் மண்வெட்டியுமாகக் கூட்டம் வயல்களில் இறங்கியது. அரசே இந்தக் காய்ச்சலுக்கு விலக்கில்லை. 2013-இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கண்ட கனவு பரபரப்பாகி, இந்தியத் தொல்லியல் துறை குழி தோண்டியது. தங்கம் கிடைக்கவில்லை.

ஆனால், தேடுவதைத் தடுப்பதோடு பிரச்சினை தீராது. நம் நாட்டில் பெரும்பாலான புதையல்கள் யாரும் தேடாமல் கிடைப்பவை. வீட்டுக்குக் கடக்கால் எடுக்கும்போது, கிணறு தூர்வாரும்போது, சாலைக்கு மண் அள்ளும்போது, கோயில் நந்தவனம் சீர்செய்யும்போது வருபவை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் துப்புரவுப் பணியின்போது ஒரு பித்தளைக் கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன, எடை 1.716 கிலோ. கோயில் நிர்வாகம் முறைப்படி தெரிவித்தது, காசுகள் கருவூலத்துக்குப் போயின. ஊழியர்களின் நேர்மை போற்றத்தக்கது. அதன்பின் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தவை எண்ணிக்கையும் எடையுமே. கலம் இருந்த மண் எது, சுற்றுச்சுவர் எழும்புவதற்கு முன்பு இறக்கியதா பின்பு இறக்கியதா, காசுகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தன என்று கேட்டுவைத்துக்கொள்ள, அந்தப் பணியாளருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். வெறும் தடைச் சட்டம் அப்படி ஒருவரை அனுப்பாது.

சந்தை விலை கொடுத்தால் நாடே மண்வெட்டி தூக்கும் என்ற அச்சம் மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புதையல்கள் பதிவாகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கருவியோடு தேடியவர்கள் கண்டவை. அங்கும் பல தொல்லியலாளர்கள் அதைக் கவலையோடு பார்க்கிறார்கள். அதனால்தான் பரிசைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன். பொருளின் வரலாற்று மதிப்பைக் கணக்கிட்ட பிறகு, அதில் ஒரு பெரும் பங்கைத் தகவல் சொன்ன விதத்துக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். குடத்தின் வாய் தெரிந்ததுமே நிறுத்திச் சொன்னவருக்கு அது முழுதாகச் சேர வேண்டும். எடுத்துவந்து கொடுத்தவருக்குக் குறைய வேண்டும். அனுமதியின்றிக் கருவியோடு தேடிப்போனவருக்கு எதுவும் இருக்கக் கூடாது. இப்படிச் செய்தால் பணத்தாசையே மண்ணைக் காக்கும் காவலாளியாக மாறும். ஏழைத் தொழிலாளியிடம் வரலாற்று உணர்வை மட்டும் எதிர்பார்த்துவிட்டுப் பணப் பேச்சை எடுக்காதிருப்பது நியாயமில்லை.

நான்காவதாகச் சொல்வார்கள்: தகவல் சொன்னால் யார் வருவார்கள்? கிராம நிர்வாக அலுவலர் தாசில்தாருக்கு எழுத, அவர் மேலே எழுத, இதற்குள் ஊரே திரண்டு குழியைப் பிரித்துவிடும். போதாக்குறைக்குக் காவல்துறை தகவல் சொன்னவரையே உட்காரவைத்து விசாரிக்கும். இந்த அச்சம் வீண் இல்லை; மக்கள் வாய்திறக்காததற்கு முதல் காரணமே இதுதான். இங்கிலாந்து இதற்குக் கண்ட வழி, காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் முன்னால் நிற்கும் ஒரு நட்பான ஆள். 1997-இல் தொடங்கிய பெயர்த்தெடுக்கத்தக்க தொல்பொருள் பதிவுத் திட்டத்தில், பகுதிக்கு ஒருவராக நாற்பது பேரளவில் அலுவலர்கள் இருக்கிறார்கள். பொருளைக் காட்டினால் பறித்துக்கொள்ள மாட்டார்கள்; படமெடுத்து, அளந்து, இடம் குறித்துத் திருப்பித் தருவார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. துல்லியமான இடம் மட்டும் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைக்கப்படும். வான்பரோ கற்றுக்கொடுத்த பாடம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரு பதிவு அலுவலரை நியமிப்பது, தொல்லியலுக்குப் பெருமிதத்தோடு நிதி ஒதுக்கும் ஓர் அரசுக்கு மலைக்கத்தக்க செலவு இல்லை. ஒரு தொலைபேசி எண், 24 மணி நேரத்துக்குள் வருகை, தகவல் சொன்னவர் மீது வழக்கு இல்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதி, இந்த மூன்றும் போதும்.

சட்டத்திலும் பெரிய புரட்சி தேவையில்லை. கருவூலத்தில் கட்டு என்ற கட்டளைக்குப் பதிலாக, இருந்த இடத்திலேயே மூடிவைத்துத் தகவல் சொல் என்ற விதி வர வேண்டும். உலோக மதிப்பும் ஐந்திலொரு பங்கும் என்ற கணக்கு போய், நாணயவியலாளரும் தொல்லியலாளரும் உள்ள குழு நிர்ணயிக்கும் மதிப்பு வர வேண்டும். தொன்மையான இடங்களில் மெட்டல் டிடெக்டரை உரிமமின்றிப் பயன்படுத்துவது குற்றம் என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். இணையத்தில் புதையல் கருவி என்றே விளம்பரம் செய்து விற்கும் நிலை இன்று இருக்கிறது. இந்தத் திருத்தங்களை நாடாளுமன்றம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. சாலை, குடிநீர்க் குழாய், கட்டுமான ஒப்பந்தங்களில், பானையோ காசோ தென்பட்டால் அந்த இடத்தில் மட்டும் பணியை நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும், அந்த நாள்களுக்குத் தொழிலாளியின் கூலி பிடிக்கப்படக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்க மாநில அரசின் ஓர் உத்தரவே போதும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது நாளைக்கே கடக்கால் குழியில் ஒரு பானையின் வாய் தட்டுப்படலாம். தட்டுப்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். பானைக்குள் கைவிட வேண்டாம், காசைத் தேய்த்துத் துலக்க வேண்டாம். கைப்பேசியில் மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த மண்ணையே மேலே போட்டு மூடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். வேறு யாரிடமும் இடத்தைச் சொல்லாதீர்கள்.